உளைக்காட்டுக்குப் பெரிய ள

ஒரே ஒரு மலையிலே, அந்த மலைக்கு முதுகு வளைகிற இடத்திலே, ஒரே ஒரு உளை இருந்ததாம், அதுக்கு வயிறு உண்டாம், வாய் கிடையாதாம். உம். உம் போட்டால்தான் தாத்தாவுக்கு அடுத்த வரி வரும், போடாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும், ராஜா ஒரு கால் குதிரை மேலும் ஒரு கால் தரையிலுமாக விடியும்வரை தொங்குவான், பாவமாயிருக்கும், அதனால் தூக்கத்திலும் உம் போடப் பழகினேன். பழகியது விடவில்லை. கல்லூரித் தாவரக் காப்பகத்தில் தற்காலிக உதவியாளன் என்றார்கள், உம். சம்பளம் அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம் என்றார்கள், உம். போன வாரம் காப்பகப் பொறுப்பாளர் ஹில்டா மேடம் கூப்பிட்டு, வேலப்பா, புதன்கிழமை உங்கள் ஊர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதான் ஆர்.ஐ., இடத்தைப் பார்வையிட வருகிறார், அதற்குள் நீ போய் அழுகண்ணியை வேரோடும் பூவோடும் எடுத்து பிரஸ்ஸில் வைத்துவிடு, தாளில் ஒட்டிய செடி இருந்தால்தான் அது ஈரநிலம் என்று நாம் வாதாட முடியும் என்றார்கள். அதற்கும் உம். இன்றைக்குப் புதன். பனி இன்னும் விலகவில்லை. இரண்டு பலகைக்கு நடுவே பழைய செய்தித்தாள் அடுக்கி பெல்ட்டால் இறுக்கிய பிரஸ்ஸை முதுகில் மாட்டிக்கொண்டு கணுக்கால் வரை உளைச் சேற்றில் நிற்கிறேன், கால்விரல்கள் என்னுடையவைதானா என்று தெரியவில்லை, அவ்வளவு குளிர். எனக்கு முன்னால் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அழுகண்ணி, ஒற்றைத் தண்டு, பிறை பிறையாக இலை, இலை முழுக்க மயிர், மயிர் நுனியில் எல்லாம் கண்ணீர்த்துளி. பூ ஒன்று மொட்டாக மூடிக்கிடக்கிறது. இந்த உளையில் இது ஒன்றுதான் மிச்சம். மற்றவை அந்தப் பக்கம் இருந்தன, அந்தப் பக்கத்தில் பாதியை லாரி மண் கொட்டி மூடியாகிவிட்டது. இதைப் பிடுங்கினால் உளைக்கு ஆதாரம் கிடைக்கும், உளையில் அழுகண்ணி இருக்காது. பிடுங்காவிட்டால் அழுகண்ணி இருக்கும், உளை இருக்காது, சுற்றுலா வண்டி நிறுத்துமிடம் இருக்கும். ஜீப் வருவதற்குள் நான் குனிய வேண்டும். குனிகிறேன். நிமிர்கிறேன்.

கோபம் யார் மேல் என்று கேட்டால் முதலில் ஒரு எழுத்தின் மேல். எங்கள் காப்பகத்தில் பூச்சி உருண்டை வாசமடிக்கிற இரும்பு அலமாரியில் இதே அழுகண்ணி ஒன்று தாளில் ஒட்டிக் கிடக்கிறது, வெள்ளைக்காரன் காலத்துத் தாள், அறுபது எழுபது ஆண்டுகளாக யாரும் தொடாதது, செடி தேயிலைத்தூள் நிறமாகிவிட்டது, இலையில் ஒட்டின கொசு இலையோடு சேர்ந்து காய்ந்து இன்னும் அப்படியே இருக்கிறது, அதற்கும் யாரோ எண் போட்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கீழே மூலையில் சீட்டு. சதுப்பு நிலம், ஏராளம், இடம் உலைக்காடு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான் அந்த மனிதன், அவன் பாஷையில் நம்முடைய மூன்று ல-வுக்கும் ஒரே எழுத்துதான், அவன் என்ன செய்வான், எங்கள் ஊர் ஆள் யாரோ உளை என்றிருப்பார், அவன் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போய்விட்டான். அவனை விட்டுவிடலாம். அவனுக்குப் பின்னால் வந்த நம்முடைய ஆளுக்கு என்ன கேடு? அவனுக்குத்தான் மூன்றும் இருந்ததே. அரசுப் பதிவேட்டில் அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதின எவனோ ஒருவன் சின்ன ல போட்டான். உலைக்காடு. ஊருக்கு ஒரு நடை வந்து, ஐயா, உங்கள் இடத்துக்கு எந்த ல என்று கேட்டிருந்தால் ஆடு மேய்க்கிற பிள்ளைகூடத் தன் சேற்றுக் காலைக் காட்டியிருக்கும். கேட்கவில்லை. போன மாதம் மேடத்தோடு ஆர்.ஐ. பொன்னம்பலம் சாரைப் பார்க்கப் போயிருந்தபோது அவர் அந்தப் பழைய தாளின் படத்தைக் கையில் வாங்கி, திருப்பி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, ‘இது வேற எடம் மேடம்’ என்றார். ‘நம்ம எடம் உலைக்காடு. உலைன்னா என்ன? கரி உலை. அந்தக் காலத்துல மரத்த வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்திருப்பான். நெருப்பு எரிஞ்ச எடத்துல சதுப்பு எப்படி வரும்? என்ன தம்பி, சரிதானே?’ தம்பி என்றது என்னை. நான் உம் போட்டேன். என் வாய்க்கு ஒரு அறை விடவேண்டும். அவர் கதை சொன்னார், வாக்கியம் முடிந்தது, கண்ணைப் பார்த்தார், என் தொண்டை தானாகப் போட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, கொண்டை ஊசி வளைவில் ஆட்டம் கொடுக்கையில், பதில் வந்தது. உலை என்றாலும் தண்ணீர்தானே சார், எங்கள் வீட்டில் உலை வைக்கிறது என்றால் பானையில் தண்ணீர் வைக்கிறது, உலை கொதித்தால் தண்ணீர் கொதிக்கிறது, நீங்கள் என்ன நெருப்பையா வடித்துச் சாப்பிடுகிறீர்கள்? எவ்வளவு அருமையான பதில். ஜன்னலோரம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக்கூடச் சொல்லலாம் போலிருந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

தாளில் ஒட்டினால்தான் ஆதாரம். போட்டோ எடுத்தால் ஆகாதாம், போட்டோ எங்கே எடுத்தது என்று யாருக்குத் தெரியும் என்கிறார்கள், காய்ந்த செடி எங்கே முளைத்தது என்று மட்டும் எப்படித் தெரியும், அதையும் நாங்கள் எழுதுகிற சீட்டை வைத்துத்தானே நம்புகிறார்கள்? இருக்கிறாயா என்று கேட்பார்கள், இருக்கிறேன் என்று உயிரோடு சொன்னால் செல்லாது, செத்துக் காட்டினால் செல்லும். மறுபடியும் குனிகிறேன். விரலைத் தண்டோரமாகச் சேற்றுக்குள் விடுகிறேன். மேலே குளிர், கொஞ்சம் கீழே இன்னும் குளிர், அதற்குக் கீழே ஆச்சரியமாக லேசான வெதுவெதுப்பு, யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாயில் கை வைத்தது போல. பட்டாணி அளவு உருண்டை தட்டுப்படுகிறது. அதுதான் கிழங்கு. கோடையில் மேலே எல்லாம் காய்ந்து போனாலும் இது உள்ளே தூங்கும், மழை வந்தால் எழுந்திருக்கும். தண்டை மட்டும் கிள்ளிக்கொண்டு கிழங்கை விட்டுவிடலாம், அடுத்த ஐப்பசிக்கு வந்துவிடும், அந்த யோசனை எனக்கு நேற்றே வந்தது, மேடத்திடம் கேட்டேன், ‘வேரில்லாத மாதிரிச் செடிய எவன்டா ஒத்துக்குவான், பொன்னம்பலம் சார் அதத்தான் மொதல்ல பார்ப்பாரு’ என்றார்கள். அந்த உருண்டையை விரல் நுனியால் உருட்டிப் பார்க்கிறேன். இவ்வளவு சின்னதை நம்பியா இவ்வளவு பெரிய வயிறு இருக்கிறது. பிடுங்கிச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்தால் இந்தப் பசை விடாது, அழுகண்ணி எப்போதும் அப்படித்தான், தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது அச்செழுத்தும் இலையோடு வந்துவிடும், போன வருடம் வேறு மலையிலிருந்து கொண்டுவந்த ஒன்றில் நகை அடகுக்கடை விளம்பரத்தின் எழுத்து தலைகீழாக ஒட்டியிருந்தது, அதைத் துடைக்க முடியாமல் அப்படியே தாளில் ஏற்றினோம். இதில் எந்தச் செய்தி ஒட்டும்? மாவட்டச் சுற்றுலா வளர்ச்சி என்று கொட்டை எழுத்தில் ஒரு பக்கம் இருந்தது, கட்டும்போதே பார்த்தேன். அது ஒட்டட்டும். ஒட்டினால் பொருத்தமாயிருக்கும். சீச்சீ, என்ன நினைப்பு இது, பிடுங்குவதாகவே முடிவு செய்துவிட்டேனா? இல்லை. விரலை எடுக்கிறேன். குழியில் தண்ணீர் ஊறுகிறது, விரல் இருந்த தடமே இல்லை. மேட்டிலிருந்து வண்டிச் சத்தம். வந்துவிட்டார்கள். கையை வேட்டியில் துடைக்கிறேன், வேட்டி கட்டி வரவில்லை, பேண்டில் துடைக்கிறேன். இல்லை, பூண்டு மூட்டை ஏற்றின வேன். டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போகிறான். போ. நல்லா போ.

அந்த உளையை அளக்க ராஜா ஒரு ஆளை அனுப்பினானாம். உம். அளவுக்காரன் சங்கிலி கொண்டு வந்தானாம், உளையே உளையே, நீ எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம், ராஜாவுக்குக் கணக்குச் சொல்லவேணும் என்றானாம். உம். வாயில்லாத உளை எப்படிப் பேசும் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன், தாத்தா கோபித்துக்கொண்டு அன்றைக்குக் கதையை மூடிவிட்டார், மறுநாள் தொடர்ந்தார். வயிற்றாலே பேசுச்சுடா. நல்லா அளந்துக்க அப்பா, ஆனா நின்னு அளந்துக்க, ஓடாதே, உட்காராதே, நின்னு அளந்துக்கன்னுச்சாம். அவன் நின்றானாம். உம். அதற்கு மேல் தாத்தா சொல்லமாட்டார், நான் எவ்வளவு உம் போட்டாலும் சொல்லமாட்டார், பீடியைத் தேடுவார். எனக்கு அந்த அளவுக்காரனை நினைத்தால் அப்போது பயம், இப்போது கோபம் வருகிறது, அவன் மேல் இல்லை, அவனை அனுப்பிவிட்டு மாளிகையில் உட்கார்ந்திருந்தவன் மேல். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெரிய ள வராது, பள்ளம் என்பதைப் பல்லம் என்று எழுதுவேன், சார் புறங்கையைத் திருப்பச் சொல்லி ஸ்கேலால் அடிப்பார், பள்ளம் பள்ளம் என்று நூறு தடவை எழுதி அந்த எழுத்தின் வளைவு என் தோளிலே ஏறிவிட்டது. அரசாங்கத்தின் புறங்கையை யார் திருப்புவது? மன உளைச்சல் என்று சொல்கிறோமே, டாக்டர்கூட அம்மாவுக்குச் சீட்டில் அப்படித்தான் எழுதினார், அதிலும் இதே உளைதான் இருக்கிறது, மனசு சேறாகிக் கால் எடுக்க முடியாமல் போவது. சின்ன ல போட்டு மன உலைச்சல் என்று எழுதிப் பாருங்கள், மனசில் கரி மூட்டம் போட்டார்களா என்று கேளுங்கள். அந்தப் பக்கம் கொட்டின மண் சிவப்பாக இருக்கிறது, இந்த மண்ணே இந்த மலையில் கிடையாது, எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறார்கள், அதன் மேல் ஏற்கெனவே யாரோ கார் நிறுத்திச் சாப்பிட்டுச் சோளக்கதிர் கட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மண்ணுக்கும் உளைக்கும் நடுவே ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் கறுப்பு, தண்ணீர் மினுங்குகிறது, அந்தக் கோடு தினமும் ஒரு முழம் என்னைப் பார்த்து வருகிறது. எனக்குத் தெரியும், ஒரு செடியா ஒரு உளையா என்று கேட்டால் உளை என்று சொல்லவேண்டும், அதுதான் அறிவு, மேடம் அறிவாளி, பிடுங்குடா என்கிறார்கள். ஆனால் பிடுங்கிக் கொடுத்தால் மட்டும்? இது வேறு இடத்தில் பிடுங்கியது என்று அவர் சொல்லமாட்டாரா? சீட்டில் நான் பெரிய ள போட்டு எழுதினால் அப்படி ஒரு இடமே பதிவில் இல்லை என்பார், சின்ன ல போட்டால் அது கரி உலை என்பார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். அதற்கு நான் இதைக் கொன்று கொடுக்கவேண்டுமா. ஏன் நாங்களே எப்போதும் கொண்டுபோய்க் காட்டவேண்டும்? பார்க்க வருகிறவர் பார்க்கட்டுமே. பார்வையிடுதல் என்றால் பார்ப்பதுதானே?

ஜீப். இந்த முறை நிஜமாகவே ஜீப். பனிக்குள்ளிருந்து விளக்கு இரண்டும் மஞ்சளாக வருகிறது, ரோட்டில் நிற்கிறது, பொன்னம்பலம் சாரின் குரல் முதலில் வருகிறது, ‘ஓரமாக் கட்டுய்யா, பின்னாடி வண்டி வருது.’ டிரைவர், ‘ஓரத்துல எறக்கினா வண்டி உள்ள போயிரும் சார், அப்புறம் கயிறு கட்டித்தான் இழுக்கணும்’ என்கிறான். வண்டி ரோட்டிலேயே நிற்கிறது, நான் சேற்றோடு ரோட்டோரம் வரை வந்து நிற்கிறேன். வண்டி நிறுத்துமிடம் கட்டப்போகிற இடத்தில் வண்டி நிறுத்த முடியவில்லை, இதை நான் மட்டும்தான் கேட்டேனா, அதே ஜீப்பில் வந்து இறங்கிய ஹில்டா மேடம் கேட்டார்களா, அவர்கள் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள், என் கையை, என் முதுகில் இறுக்கிக் கட்டியபடியே இருக்கிற பிரஸ்ஸை. ‘என்னப்பா, மாதிரி எங்க?’ என்கிறார் ஆர்.ஐ. ‘அங்க இருக்கு சார், அந்தக் கல்லுக்குப் பக்கத்துல. வாங்க, காட்டுறேன்.’ அவர் கல்லைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார், கறுப்பு ஷூ, இன்றைக்குப் பாலிஷ் போட்டது. ‘அங்கயா? முழங்கால் வரைக்கும் போயிரும் போலருக்கே. நீ எடுத்துட்டு வா, நான் இங்கருந்தே பாத்துக்கிறேன்.’ மேடம் ரோட்டோரக் கல்லில் ஏறி நின்று தணிந்த குரலில், ‘இந்நேரம் எடுத்திருப்பேன்னு நெனச்சேனேடா. சரி, இப்ப எடு. அஞ்சு நிமிஷம் நான் பேச்சுக் கொடுத்து நிறுத்துறேன்’ என்றார்கள். ‘இல்ல மேடம்’ என்றேன். இல்லை என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நானே திரும்பிப் பார்த்தேன், யாரோ பின்னால் நின்று சொன்னமாதிரி இருந்தது. ‘சார் பார்க்க வந்திருக்காங்க. பார்க்கட்டும்.’ ‘வேலப்பா.’ ‘எறங்கி வந்து பார்க்கட்டும் மேடம்.’ ஆர்.ஐ.க்குக் காது நன்றாகக் கேட்கும். ‘லொள்ளு கூடிப்போச்சு’ என்றார் டிரைவரிடம், என்னிடம் இல்லை, பிறகு மகஜரை, பார்வையிட்டதற்கான பதிவுத் தாளை, ஜீப் மூக்கின் மேல் வைத்து எழுதத் தொடங்கினார். பேனா எழுதவில்லை, உதறினார், எழுதினார். எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது, கால் உறைந்திருக்கிறது, ஒரே உடம்பில் இரண்டு ஊர். எதற்காக இல்லை என்றேன், இப்போதுகூட ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாம், அவர் எழுதி முடிக்குமுன் கொண்டுவந்து நீட்டிவிடலாம், உளை போனால் என்னால்தான் போனது என்று ஊர் சொல்லும், மேடம் சொல்வார்கள், நானே சொல்வேன். ஓடவில்லை. கால் அசையவில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார், கதை மாதிரியே வாசித்தார், நல்ல குரல் அவருக்கு. ‘மேற்படி உலைக்காடு தரிசு நிலத்தை நேரில் பார்வையிட்டதில், ஈரநிலமோ ஈரநிலத் தாவரமோ காணப்படவில்லை என்றும், கோரப்பட்ட மாதிரி ஆஜர்படுத்தப்படவில்லை என்றும், சேறு மிகுதியாக இருந்தபடியால் உட்சென்று பார்வையிட இயலவில்லை என்றும், இதனால் தெரிவிக்கப்படுகிறது. என்ன தம்பி, சரிதானே?’

வாக்கியம் முடிந்துவிட்டது. கண்ணைப் பார்க்கிறார். தொண்டையில் அது வந்து நிற்கிறது, எனக்குத் தெரிகிறது, உதடு சேர்ந்துவிட்டது, இன்னும் ஒரு மூச்சு விட்டால் தானாக வெளியே விழும், ராஜா குதிரை மேலிருந்து இறங்கிவிடுவான், லாரி வரும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். மூச்சை விடவில்லை. ராஜா தொங்கட்டும். ‘உம்முன்னு சொல்லேன்யா, அன்னைக்கு ஆபீஸ்ல சொன்னேல்ல?’ என்கிறார். ‘கடைசி வரிய இன்னொரு தடவ வாசிங்க சார்’ என்றேன். என் குரல் எப்போதும் போலத்தான், யாருக்கும் கேட்காத குரல், ஆனால் கேட்டது. ‘எது? சேறு மிகுதியாக இருந்தபடியால் உட்சென்று...’ இருந்தபடியால் என்பதிலேயே அவர் நாக்கு மெதுவாகிவிட்டது, உட்சென்று என்பதில் நின்றேவிட்டது. டிரைவர் சிரித்தான், சிரிப்பை இருமலாக்கினான், ‘பனி சார்’ என்றான். தான் ஏன் இறங்கவில்லை என்று நாளைக்கு மேலே யாரும் கேட்டுவிடக்கூடாதென்று முன்யோசனையாகச் சேர்த்த வரி அது, யாரும் எழுதச் சொல்லவில்லை, அவரே தன் கையால் சின்ன ல போட்டுக் கரி உலை என்று எழுதி, அதே தாளில் கால் வைக்க முடியாத சேறு என்றும் எழுதிவிட்டார். அந்த வரியை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோய் வைத்தார். ‘அடிச்சா, அடிச்ச எடத்துல சாட்சியும் கையெழுத்துப் போடணுமே சார்’ என்றார்கள் ஹில்டா மேடம், எங்கோ தூரத்து மரத்தைப் பார்த்தபடி, பாடம் நடத்துகிற குரலில். ‘போடுவான். போடுப்பா.’ ‘அதுல போடமாட்டேன் சார். அந்த வரி இருந்தா போடுறேன்.’ அவர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், பின்னால் வந்து நின்ற காய்கறி வண்டி ஹாரன் அடித்தது, ரோட்டை மறித்துக்கொண்டிருந்தது அவருடைய ஜீப்தான். ‘இருந்துட்டுப் போகட்டும்யா, ஒரு வரியில என்ன ஆகிறப்போவுது’ என்று தாளைத் தள்ளினார். பேனாவை வாங்கினேன். எங்கள் காப்பகத்தில் தப்பான சீட்டை யாரும் கிழிக்கமாட்டோம், அதன் பக்கத்தில் நம் சீட்டை ஒட்டுவோம், நம் பெயர், தேதி, நாம் என்ன என்று நினைக்கிறோம், அவ்வளவு. உலைக்காடு என்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் உளைக்காடு என்று எழுதினேன், பெரிய ள, பள்ளத்தில் எழுதுகிற ள, வளைவு முழுசாக, கீழே பெயர், தேதி. ‘என்னய்யா இது?’ ‘எங்க ஊர்ப் பேரு சார்.’ ‘இதனால ஒண்ணும் ஆகாது தம்பி. லாரி வரத்தான் போவுது.’ ‘வரட்டும் சார். வந்து இங்க நிறுத்தட்டும்.’

மேடம் கையெழுத்துப் போட்டார்கள், என்னுடைய ள-வுக்குக் கீழே, என்னைப் பார்க்காமல். ஜீப்பில் ஏறும்போது, ‘உனக்கு வேலை வேணாமாடா?’ என்றார்கள். பதில் சொல்வதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. கண்ணாடிக்குள்ளிருந்து, ‘பூ விரிஞ்சா சொல்லு’ என்கிற மாதிரி வாய் அசைந்தது, வேறு எதாகவும் இருக்கலாம். ஜீப் போனது, காய்கறி வண்டி போனது, அதன் பின்னால் ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், பிறகு ரோட்டில் ஒருவரும் இல்லை. ஒரு வரி. லாரிக்கு முன்னால் ஒரு வரி எத்தனை நாள் நிற்கும்? வக்கீல் யாராவது பார்த்தால் நிற்கும், பார்க்காவிட்டால் அலமாரியில் கொசுவோடு கொசுவாகக் காயும். பயம் இருக்கிறது, கோபம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, பரவாயில்லை, அதன் மேல் நிற்கலாம். வெயில் வந்துவிட்டது. மறுபடியும் கல்லருகே போனேன். அழுகண்ணியின் மொட்டு ஒரு ஓரம் வெளுக்கிறது, விரியுமா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, நின்றால் இந்த இடத்தில் நிற்கிறவன் கதி எனக்குத் தெரியும். இலையில் ஒரு சின்னப் பூச்சி இறங்கி உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. காலி பிரஸ்ஸைத் தோளில் ஏற்றிக்கொண்டு காலை இழுத்தேன். உளை விட மனசில்லாமல் விட்டது. மேட்டைப் பார்த்து நடந்தேன்.